பக்கத்து லேனில் கேட்கும் கிளிக்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி நடக்கும் ஷெட்டில், பின்வரிசை நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். எந்த லேன்காரர் தடுமாறுகிறார் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஒழுங்காகச் சுடுகிறவரிடமிருந்து இரண்டே சத்தம்தான் வரும்: பெல்லட்டை, அதாவது ஈயக் குண்டை, வைத்து மூடுவது, சுடுவது. தடுமாறுகிறவரிடமிருந்து என்னென்னவோ வரும். ஆலன் கீயைத் தேடிப் பெட்டிக்குள் கை துழாவும், பெல்லட் டப்பா மேஜையில் உருளும், ஜாக்கெட் வெல்க்ரோ பரபரவென்று பிரியும். இவ்வளவுக்கும் நடுவே, குறிபார்க்கும் பின் சைட்டை நகர்த்தும் திருகு டிக், டிக், டிக் என்று ஒவ்வொரு கிளிக்காகப் போய்க்கொண்டிருக்கும். சற்று நேரம் கழித்து அதே திருகு எதிர்ப்பக்கம் டிக், டிக், டிக்.

போட்டி நாகரிகம் என்று ஒரு பாடமும், சைட் செட்டிங் என்று இன்னொரு பாடமும் தனித்தனியாக நடத்துகிறோம். முதலாவது ஏதோ மரியாதை சம்பந்தப்பட்டது, பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது. இரண்டாவதுதான் தொழில் என்று பிள்ளைகளும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே பாடம் என்பது என் கட்சி. பக்கத்து லேனைத் தொந்தரவு செய்கிறவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. தன் ரைஃபிளோடு முடித்துவிட்டு வரவேண்டிய வேலையை முடிக்காமல் லேனுக்குள் வந்தவர், அவ்வளவுதான்.

எவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை பாடு என்பதை ஒருமுறை மில்லிமீட்டரில் பார்த்துவிடுவோம். டார்கெட்டின் நடுப்புள்ளி, அதாவது பத்து, 0.5 மி.மீ. பெல்லட் 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் புள்ளியைத் தொட்டாலே 10.0. கணக்குப் போட்டால், பெல்லட்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். அதற்குள் ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி. 10.9 வேண்டுமென்றால் கால் மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் கடைசி ஷாட்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சமமாக நின்றார்கள். பிந்த்ரா 10.8, ஹாக்கினன் 9.7. அந்த 10.8 மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குள். 2024 பாரிஸ் பெண்கள் தகுதிச் சுற்றில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்துப் பத்தாவதாக வந்தார். இறுதிக்குப் போவது எட்டுப் பேர். அதே சுற்றில் 631.5 எடுத்த ரமிதா ஜிந்தால் உள்ளே போனார். வித்தியாசம் 0.8. அறுபது ஷாட்டுக்கும் சேர்த்து 2 மில்லிமீட்டர். இந்த அளவில் பேசும்போது, பக்கத்து லேனில் எழும் வெல்க்ரோ சத்தம் சின்ன விஷயமில்லை. நம் திருகில் நாமே போட்டுக்கொள்ளும் தேவையில்லாத எட்டு கிளிக்கும் அப்படித்தான்.

ஒரு மீட்டர் அகலம்

பத்து மீட்டர் ரேஞ்சில் ஒருவருக்கு உரிய இடம் குறைந்தபட்சம் ஒரு மீட்டர் அகலம். மாவட்டப் போட்டிகளில் பெரும்பாலும் அந்தக் குறைந்தபட்சம்தான் கிடைக்கும். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, "என்ன தம்பி, கீபோர்டா?" என்று கேட்கும் கண்டக்டருக்குப் பதில் சொல்லி, லக்கேஜ் டிக்கெட்டும் வாங்கி வந்து சேர்ந்த பெட்டியை முதலில் எங்கே வைப்பது என்பதே கேள்வி. லேனுக்குள் திறக்கக் கூடாது என்பேன். பின்னால் சுவரோரம் திறந்து, ரைஃபிள், ஸ்டாண்ட், பெல்லட், சின்னத் துண்டு, தண்ணீர் ஆகிய ஐந்தை மட்டும் லேனுக்குக் கொண்டுபோனால் போதும். துண்டு வியர்வை துடைக்க மட்டுமல்ல. அதை மேஜையில் விரித்து அதன்மேல் டப்பாவை வைத்தால் சத்தம் வராது, பெல்லட் உருண்டும் ஓடாது. ஆலன் கீ பெட்டியிலேயே இருக்கட்டும். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் கை அதைத் தேடும்.

வலது கைக்காரர் சுட நிற்கும்போது அவர் நெஞ்சு வலப்பக்கம் பார்க்கும். இடது கைக்காரருக்கு இடப்பக்கம். ஆகவே வலது கைக்காரருக்கு வலப்பக்கத்து லேனில் ஒரு இடது கைக்காரர் நின்றுவிட்டால் இருவரும் மாப்பிள்ளை, பெண் மாதிரி முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நிற்க வேண்டும். யார் மேலும் தப்பில்லை. ஓரக்கண் மறைப்பு வைத்துக்கொள்ளலாம். சுடாத கண்ணுக்கு முன் வைக்கும் தடுப்பு 30 மி.மீ. அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். எதிரில் நிற்பவர் ரைஃபிளைத் தூக்கியிருக்கும் நேரத்தில் தண்ணீர் பாட்டிலை எடுக்காமல் இருப்பது, அவர் இறக்கிய பிறகு எடுப்பது: விதிப்புத்தகத்தில் இல்லாத இந்த ஒன்று, இருக்கிற பல விதிகளைவிடப் பெரிய உபகாரம்.

புத்தகத்தில் இருப்பவை நேரடியானவை. குழாய் எப்போதும் டார்கெட் பக்கம். சுடாத நேரத்தில் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கயிறு. ஏர் ரைஃபிளுக்கு அது குழாயின் முழு நீளத்துக்கும் போய் வெளியே தெரிய வேண்டும், பாதியில் நிற்கும் துண்டுக் கயிறு செல்லாது. லேனில் நிற்கும்போது ரேஞ்ச் ஆபீசரிடமும் ஜூரியிடமும் மட்டும்தான் பேசலாம். பின்னால் நிற்கும் மாஸ்டர் சைகை காட்டலாம், வாயைத் திறக்கக் கூடாது. பெற்றோர்கள்தான் இதில் கொஞ்சம் சிரமம். பிள்ளை ஒன்பது போட்டதும் "அய்யோ" என்று ஒரு குரல் வரும். அந்த அய்யோ அந்தப் பிள்ளையோடு நிற்காது, பத்து லேனுக்கும் போய்ச் சேரும். ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பதும் அதே ரகம். இறுதிச் சுற்றில் கைதட்டல், பாட்டு எல்லாம் உண்டு. தகுதிச் சுற்றை அப்படி நினைத்துக்கொள்ளக் கூடாது. சித்திரை மாதத்தில் வெளியே ஒலிபெருக்கி போட்டால் ரேஞ்ச் ஆபீசராலும் ஒன்றும் செய்ய முடியாது. காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள்ளலாம், பாட்டுக் கேட்கும் இயர்போன் கூடாது.

மின்சாரம் போவது நமக்குப் பழகிய சங்கதி. மானிட்டர் அணைந்தால் உடனே பக்கத்து லேனைப் பார்த்து "உங்களுக்கும் போச்சா?" என்று கேட்பதுதான் இயல்பாக வரும். கேட்க வேண்டாம். ரைஃபிளை இறக்கி, பெல்லட் உள்ளே இருந்தால் குழாயை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு, கையை உயர்த்த வேண்டும். உங்கள் தவறில்லாமல் 3 நிமிடத்துக்கு மேல் நின்றுபோனால் அந்த நேரம் திரும்பக் கிடைக்கும். 5 நிமிடத்துக்கு மேல் போனாலோ, வேறு லேனுக்கு மாற்றினாலோ, கூடுதலாக 5 நிமிடமும் அதற்குள் எத்தனை சைட்டர், அதாவது கணக்கில் சேராத சோதனை ஷாட், வேண்டுமானாலும் போட அனுமதியும் உண்டு. இது தெரியாமல் அவசரமாக நேரடியாக மேட்ச் ஷாட் போட்டு நஷ்டப்படுகிறவர்கள் அதிகம். மானிட்டரில் விழுந்த புள்ளி தப்பு என்று தோன்றினாலும் அடுத்த ஷாட்டுக்கு முன்பே சொல்ல வேண்டும். அடுத்ததைச் சுட்டுவிட்டால் முந்தையதை ஒப்புக்கொண்டதாகவே அர்த்தம்.

க்ராஸ் ஃபயர், அதாவது பக்கத்து டார்கெட்டில் சுடுவது, கத்துக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதென்று நினைத்தால் 2004 ஏதென்ஸை எடுத்துப் பாருங்கள். 50 மீட்டர் மூன்று நிலை இறுதியில் அமெரிக்காவின் மாத்யூ எம்மன்ஸ் நல்ல முன்னிலையில் இருந்தார். கடைசி ஷாட்டில் சுமாராக ஒன்று போட்டாலே தங்கம். இரண்டாவது லேனில் நின்றவர் மூன்றாவது லேனின் டார்கெட்டில் சுட்டார். புள்ளி பூஜ்யம், இடம் எட்டாவது. சீனாவின் ஜியா ஸான்போ தங்கம் வாங்கினார். ரைஃபிளைத் தோளில் ஏற்றும்போதே சைட் வழியாகப் பார்ப்பதை விட்டு, முதலில் சைட்டுக்கு மேலாக லேன் எண்ணைப் பார்த்துவிட்டு அதன்பின் கண்ணை இறக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. அரை வினாடி வேலை.

15 நிமிடத்தில் என்ன செய்வது

ஆயத்தத்துக்கும் சைட்டருக்கும் சேர்த்து 15 நிமிடம். அதன்பின் எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம், பேப்பர் என்றால் 90. சைட்டருக்குக் கணக்கில்லை, எத்தனை வேண்டுமானாலும் போடலாம். இந்தக் கணக்கில்லாமைதான் பலரைக் கெடுக்கிறது. முதல் ஷாட் 9.6, வலது. உடனே பத்து கிளிக். அடுத்தது 10.2, மேலே. நான்கு கிளிக். இப்படியே முப்பது சைட்டர் போட்டு, மூச்சு வாங்கி, கை நடுங்கி, "ஸ்டாப்" என்ற குரல் வரும்போது திருகு எங்கே நிற்கிறது என்று அவருக்கே தெரியாது.

ஒவ்வொரு ஷாட்டுக்குப் பின்னாலும் அந்த ஷாட் விலகிய அளவுக்குத் திருகிக்கொண்டே போனால், சிதறல் குறையாது, ஏறக்குறைய 1.4 மடங்காகக் கூடும். காரணம் எளிது. நன்றாகச் செட் ஆன ரைஃபிளிலும் ஷாட்டுகள் மையத்தைச் சுற்றிச் சிதறத்தான் செய்யும். தற்செயலாக வலப்பக்கம் போன ஒன்றைத் திருகால் திருத்தினால், அடுத்த ஷாட்டின் சொந்தத் தற்செயலோடு முந்தையதன் தற்செயலும் வந்து சேர்ந்துகொள்கிறது. நம் கை விலகியதற்கு ரைஃபிளுக்குத் தண்டனை கொடுக்கிறோம்.

ஆகவே செய்ய வேண்டியது: முதல் மூன்று நிமிடம் பெல்லட் இல்லாமல். கண்ணை மூடி நிலைக்கு வந்து, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறக்கும்போது முன் சைட்டின் வட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. டார்கெட்டின் கறுப்பின் மேல் நிற்கவில்லையென்றால் கையால் தள்ளக் கூடாது, காலை மாற்ற வேண்டும். அது சரியானதும் ஐந்து சைட்டர், திருகைத் தொடாமல். மானிட்டரில் ஐந்தையும் ஒரு கூட்டமாகப் பார்த்து, கூட்டத்தின் நடு எங்கே என்று மதிப்பிட்டு, ஒரே தடவையில் திருத்தம். பிறகு ஐந்து, சரிபார்க்க. தேவைப்பட்டால் இரண்டு மூன்று கிளிக் மறுபடி. கடைசி இரண்டு நிமிடம் ரைஃபிள் ஸ்டாண்டில், நீங்கள் சும்மா. மொத்தம் பன்னிரண்டு, பதினைந்து சைட்டருக்கு மேல் தேவைப்படுகிறதென்றால் கோளாறு சைட்டில் இல்லை.

உங்கள் திருகில் ஒரு கிளிக் எத்தனை மில்லிமீட்டர் என்பது பயிற்சியிலேயே தெரிந்திருக்க வேண்டும். கையேட்டை நம்புவதைவிட அளந்துகொள்வது மேல். ஐந்து ஷாட் போடுங்கள், ஒரே பக்கம் 20 கிளிக் திருகுங்கள், அதே புள்ளியைக் குறிவைத்து இன்னொரு ஐந்து. இரண்டு கூட்டத்தின் நடுவுக்கும் இடையே ஸ்கேல் வைத்தால் 5 மி.மீ. வந்தது என்று வையுங்கள், ஒரு கிளிக் கால் மில்லிமீட்டர், அதாவது 0.1 புள்ளி. எந்தப் பக்கம் திருகினால் எந்தப் பக்கம் போகிறது என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிடும். ஜெர்மன் சைட்டுகளில் மேல், கீழ் என்பதற்கு எச், டி என்ற எழுத்துகள் இருக்கும். சில சைட்டில் அந்த எழுத்து ஷாட் போய் விழுந்த இடத்தைச் சொல்கிறது: மேலே விழுந்ததா, எச் பக்கம் திருகு, இறங்கும். சிலவற்றில் ஷாட் போகவேண்டிய திசையைச் சொல்கிறது. இரவல் ரைஃபிளில் சுடுகிற பிள்ளைகள் இதில்தான் முதல் ஐந்து நிமிடத்தை இழக்கிறார்கள். பழைய சைட்டில் திருகுக்கும் மரைக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். வேண்டிய இடத்தை இரண்டு மூன்று கிளிக் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்தினால் அது படுத்தாது.

முன் சைட்டின் வட்டம் பற்றியும் ஒன்று. டார்கெட்டின் கறுப்பு 30.5 மி.மீ. கண்ணிலிருந்து முன் சைட் சுமார் 90 செ.மீ. தள்ளி இருந்தால், அந்தக் கறுப்பு முன் சைட்டின் இடத்தில் 2.7 மி.மீ. அளவாகத் தெரியும். 4 மி.மீ. வட்டம் போட்டால் சுற்றிலும் 0.6 மி.மீ. வெள்ளை. பிள்ளைகள் "துல்லியமா இருக்கட்டும்" என்று வட்டத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போவார்கள். வெள்ளை மெலிந்ததும் கண் நடுவைத் தேடித் தேடிக் களைக்கும், டிரிகர் விரல் தள்ளிப்போட ஆரம்பிக்கும். பெரிதாக வைத்துக்கொண்டு கெட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. எப்படியிருந்தாலும் வட்டத்தை மாற்றுவது பயிற்சியில். ரொம்பப் போனால் சைட்டர் நேரத்தில். மேட்ச் நடுவே வெளிச்சம் மாறினால் பின் ஐரிஸை, அதாவது கண் பார்க்கும் துளையை, ஒரு சுற்று திறக்கவோ மூடவோ செய்யலாம், அதற்குத் திருகைத் தொட வேண்டியதில்லை.

மற்றவை வேகமாக. காற்றுச் சிலிண்டரின் கேஜை லேனுக்கு வருமுன் பார்த்துவிட வேண்டும். அழுத்தம் ரெகுலேட்டருக்குத் தேவையான அளவுக்குக் கீழே போனால் வேகம் குறைந்து ஷாட்டுகள் கீழே இறங்க ஆரம்பிக்கும், அதைப் பார்த்து மேலே கிளிக் போட்டுக்கொண்டே போகிறவர்கள் உண்டு. சிலிண்டரின் ஆயுள் தயாரித்த தேதியிலிருந்து 10 ஆண்டு, தேதி அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் அதை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. போட்டியன்று புது டப்பா பெல்லட் உடைக்கும்போது பழைய டப்பாவின் லாட் எண்ணோடு ஒத்துப்பாருங்கள். லாட் மாறினால் கூட்டம் இடம் மாறலாம். ஸ்டாக் திருகாணிகளை முதல்நாள் ராத்திரி "எதுக்கும் ஒரு இழுப்பு" என்று இறுக்கிவிட்டு வருவதைப்போல ஆபத்து வேறில்லை. ஜாக்கெட் வியர்வையில் ஊறித் தொய்யும். அதே ஜாக்கெட் குளிர்சாதன அரங்கில் விறைத்து, விறைப்புச் சோதனையில் 3.0 மி.மீ. வராமல் திருப்பி அனுப்பப்படும். நம் தகர ஷெட்டில் பழகிவிட்டு வெளியூர் மாநிலப் போட்டிக்குப் போகிறவர்கள் இதை ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆடிக் காற்றில்

இவ்வளவு நேரம் திருகைத் தொடாதே என்று சொன்னதெல்லாம் கூரைக்குக் கீழே, பத்து மீட்டருக்கு. வெளியே 50 மீட்டர் என்றால் கதை தலைகீழ். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில், 2.6 கிராம் ஈயம் எம்மாத்திரம்? அங்கே பத்தின் வட்டம் 10.4 மி.மீ., வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. சுடும் கோட்டிலிருந்து 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் கொடித்துணி தொங்கும். அதைப் பார்த்து, காற்று ஒரே பக்கம் நிலையாக அடித்தால் கிளிக் போட வேண்டும். விட்டுவிட்டு அடித்தால் பழைய நிலை திரும்பும்வரை ரைஃபிளை இறக்கிக் காத்திருக்க வேண்டும். காற்று நின்றதும் போட்ட கிளிக்கைத் திரும்ப எடுக்க மறக்கக் கூடாது. மூன்று நிலைக்கும், அதாவது மண்டியிட்டு, படுத்து, நின்று, ஒவ்வொன்றுக்கும் தனி எண் நோட்டில் இருக்க வேண்டும். தோளில் பதியும் பட் பிளேட்டும் கன்னம் பதியும் சீக் பீஸும் நிலைக்கு நிலை மாறும். அங்கே கிளிக் சத்தம் வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. காற்றுக்கு நாம் பொறுப்பில்லை, அதற்குத்தான் திருகு. நம் காலுக்குத் திருகு இல்லை.

இருபத்தோராவது ஷாட்

எந்த மாவட்டப் போட்டியிலும் காணக்கூடிய காட்சி இது. ஒரு பெண், பதினாறு வயதிருக்கும். சராசரி 10.4. முதல் இருபது ஷாட்டும் அதே கணக்கில் போயிருக்கின்றன. ஷெட்டில் புழுக்கம். ரைஃபிளை ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஒரு எட்டு பின்னால் வந்து தண்ணீர் குடிக்கிறாள், முகத்தைத் துடைக்கிறாள், திரும்பப் போய் நிற்கிறாள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஷாட்டுக்கு 75 வினாடி என்கிற கணக்கில் இரண்டு நிமிட ஓய்வு தாராளம்.

21-வது 10.1. மூன்று மணிப் பக்கம், அதாவது கடிகார முகத்தில் நேர் வலது. 22, 9.8, மூன்று மணி. 23, 9.9, மூன்று மணி. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, நெருக்கமாக. கூட்டம் நெருக்கமாக இருப்பதால் சைட்தான் நகர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றுகிறது. சைட்டர் நேரத்தில் சொல்லிக் கொடுத்த பாடமும் அதுதானே: கூட்டம் நெருக்கமாக, நடு விலகியிருந்தால், திருகு. கை மேலே போகிறது. டிக், டிக், எட்டுத் தடவை. 24, 10.5. நிம்மதி.

இந்த இடத்தில்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். இருபது ஷாட் சரியாக நின்ற சைட், அவள் தண்ணீர் குடிக்கும்போது தானாக நகராது. அந்த இரண்டு நிமிடத்தில் இடம் மாறியது ஒன்றே ஒன்று: அவள் கால். இரண்டு பாதத்துக்கும் இடையே 35 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, பின்கால் ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால், உடம்பு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி திரும்பும். பத்து மீட்டரில் அது 28 செ.மீ. டார்கெட்டின் வளையம் முழுக்கச் சேர்த்தே 45.5 மி.மீ.தான். அப்படியானால் ஷாட் டார்கெட்டுக்கு வெளியே அல்லவா போக வேண்டும்? போகாது, ஏனென்றால் கண் கறுப்பைப் பார்க்கிறது, இடுப்பும் தோளும் தெரியாமலே முறுக்கிக்கொண்டு ரைஃபிளை அங்கே இழுத்து நிறுத்துகின்றன. டிரிகர் விடுபடும் கணத்தில் அந்த முறுக்கு கொஞ்சம் தளரும். தளர்வது ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் என்பதால் கூட்டமும் நெருக்கமாகவே இருக்கும். சைட் நகர்ந்த மாதிரியே தெரியும்.

அவள் செய்திருக்க வேண்டியது நான்கு வினாடி வேலை. 22-வது ஷாட்டுக்குப் பிறகு ரைஃபிளை இறக்கி, தரையின் டைல்ஸ் கோட்டுக்கும் பூட்ஸ் நுனிக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பது. அது சைட்டர் நேரத்திலேயே மனதில் இருக்க வேண்டிய அளவு. பிறகு கண்ணை மூடி, நிலைக்கு வந்து, திறப்பது. வட்டம் வலப்பக்கம் நின்றால் பின்காலைத் துளி நகர்த்துவது. சத்தமே இல்லாத திருத்தம். பின்னால் நின்ற மாஸ்டர் பேச முடியாமல் தன் பூட்ஸை இரண்டு தடவை குனிந்து பார்த்தார், தொடையில் தட்டினார். சைகைக்கு அனுமதி இருக்கிறது. திரும்பிப் பார்க்க அவளுக்குத்தான் தோன்றவில்லை.

எட்டுக் கிளிக் போட்ட பிறகு முறுக்கிய உடம்பும் நகர்ந்த சைட்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டு பத்து ஷாட் ஓடியது. 34-ல் பின்கால் மரத்தது. காலை உதறி, மறுபடி வைத்தாள். இந்த முறை பாதம் காலையில் நின்ற இடத்திலேயே போய் விழுந்தது, உடம்புக்கு அந்த இடம்தான் பழக்கம். 35, 10.0. ஒன்பது மணி. 36, 9.9. ஒன்பது மணி. 37, 9.8. இப்போது பதறிவிட்டாள். பெல்லட் டப்பா துண்டில்லாத மேஜையில் சரிந்தது. வலப்பக்கத்து லேன் பையன் தூக்கிய ரைஃபிளை இறக்கிவிட்டான், பிறகு மறுபடி தூக்கி மறுபடி இறக்கினான். ரேஞ்ச் ஆபீசர் பக்கத்தில் வந்து, "என்ன பாப்பா, ஏதும் ரிப்பேரா? கையைத் தூக்கு, பார்ப்போம்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். கை திருகுக்குப் போனது. ஒன்பது கிளிக், எதிர்ப்பக்கம். ஷெட் முழுக்கக் கேட்டது.

இரண்டு தடவையும் சேர்த்து ஆறு ஷாட். அவளுடைய 10.4 சராசரியோடு ஒப்பிட்டால் முதல் மூன்றில் 1.4, அடுத்த மூன்றில் 1.5, மொத்தம் 2.9 புள்ளி போயிற்று. பக்கத்து லேன் பையனுக்கு எவ்வளவு போனது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அவன் புகார் சொல்லவுமில்லை. முடிந்ததும் வெல்க்ரோவைப் பிரிக்காமல் ஜாக்கெட்டோடேயே பின்னால் நகர்ந்து, சுவரோரம் போய்த்தான் கழற்றினான்.

50-வது ஷாட்டுக்கு மேல் அவள் இன்னும் ஒரு கிளிக் இடப்பக்கம் போட்டாள். போட்டி முடிந்து ரேஞ்ச் ஆபீசர் ரைஃபிளைப் பார்த்துக் கயிறு போட்ட பின், மாஸ்டர் அவளை உட்கார வைத்து, திருகை இடது ஓரம்வரை கொண்டுபோய் எண்ணச் சொன்னார். காலையில் அதேபோல் எண்ணி நோட்டில் எழுதியிருந்த எண் 43. அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே திருகினாள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. அதற்கு மேல் திருகு நகரவில்லை.